ஊரில் சேவை மன்றம் தொடங்குகிறீர்களா? பதிவு, பைலா, கொடியேற்றம், முகாம்: படிப்படியாக

ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு ரத்ததான முகாம் நடத்த வேண்டும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பு எடுக்க ஆள் பிடிக்க வேண்டும். இப்படி நினைக்கும் பத்துப் பேர் ஊரில் சேர்ந்துவிட்டால் மன்றம் உருவாகிவிடும். பெயர்ப்பலகைகூட அந்த வாரமே வந்துவிடும். நன்கொடை தர வந்த ஒருவர், "ரசீது உண்டா? செக் யார் பேர்ல எழுதணும்?" என்று கேட்கும்போதுதான் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

எங்கள் மன்றத்தின் காகித வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. யாரிடம் கேட்டாலும் பாதிதான் தெரிந்தது. மீதிப் பாதியை ஒவ்வொரு கவுன்ட்டரிலும் திரும்பி வந்துதான் தெரிந்துகொண்டோம். தமிழ்நாட்டில் புதிதாக மன்றம் தொடங்குபவர்கள் அந்த அலைச்சல் இல்லாமல் வேலையைத் தொடங்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. எந்த வடிவம் என்று முதலில் முடிவெடுங்கள்

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன.

ரோட்டரி, லயன்ஸ் போன்ற அமைப்பின் கிளையாகச் சேரலாம். பெயர், சின்னம், நடைமுறை எல்லாம் தயாராகக் கிடைக்கும். ஆனால் புதுக் கிளைக்குக் குறைந்தது 20 உறுப்பினர் வேண்டும். தலைமைக்குக் கட்டும் வருடச் சந்தா டாலர் கணக்கில் வரும். கூலி வேலைக்குப் போகிறவர்களும் கல்லூரி மாணவர்களும் நிறைந்த ஊர் மன்றத்துக்கு அது பாரம்.

அறக்கட்டளை இரண்டாவது வழி. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தால் வேலை முடிந்தது. சீக்கிரம் முடிகிறது என்று பலர் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அறங்காவலர்கள் கையில்தான் எல்லாம் இருக்கும். தேர்தல் கட்டாயம் இல்லை. ஊர்ப் பிள்ளைகள் வளர்ந்து பொறுப்புக்கு வர வேண்டும் என்று நினைத்தால் இது உதவாது.

மூன்றாவது, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் சங்கமாகப் பதிவது. ஏழு பேர் போதும். ஊர் மன்றத்துக்கு இதுதான் சரி என்பது என் முடிவு. இனி சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

"நாம சின்ன மன்றம், பதிவு எதுக்கு?" என்று ஒருவராவது கேட்பார். உறுப்பினர் 20 பேரைத் தொட்டாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ இந்தச் சட்டப்படி பதிவு கட்டாயம். 25 பேர் மாதம் 100 ரூபாய் சந்தா கட்டினால் வருடத்துக்கு 30,000. சந்தாவிலேயே வரம்பைத் தாண்டிவிடுவீர்கள்.

2. பெயரும் முகவரியும்

விண்ணப்பங்கள் அதிகம் திரும்பி வருவது இந்த இரண்டால்தான்.

பெயர் விஷயத்தில் தேசப்பற்று மிகுதியாகி மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. காந்தியடிகளின் பெயர், பிரதமர், குடியரசுத் தலைவர் என்ற பதவிப் பெயர்கள், தேசியக் கொடியின் படம் இவற்றுக்கெல்லாம் 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. நான்முகச் சிங்கத்தை லெட்டர்பேடிலும் அடையாள அட்டையிலும் போடுவதற்கு 2005-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அரசு அமைப்பு என்று நினைக்க வைக்கும் எந்தச் சொல்லும் வேண்டாம். ஊர்ப் பெயரோடு "சேவை மன்றம்", "இளைஞர் மன்றம்" என்று எளிமையாக வையுங்கள். "நற்பணி மன்றம்" என்று வைத்தால் போகிற இடமெல்லாம் எந்த நடிகருக்கு என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தயார் என்றால் வையுங்கள்.

மூன்று பெயர்களை வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெயரில் ஏற்கெனவே ஒரு சங்கம் பதிவாகியிருந்தால் உங்களுக்குக் கிடைக்காது. பெயர் உறுதியாகும் வரை ரப்பர் ஸ்டாம்ப், பேனர் எதுவும் அடிக்காதீர்கள்.

முகவரி என்பது ஆவணங்களோடு கூடிய கட்டடம். வீட்டு உரிமையாளரின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், அவர் பெயரில் உள்ள வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது எல்லாம் வேண்டும். வரி ரசீது இறந்துபோன தாத்தா பெயரிலும் கடிதம் பேரன் பெயரிலும் இருந்தால் அங்கேயே நிற்கும். எங்கள் விண்ணப்பம் திரும்பியதற்கும் இந்தப் பெயர் வித்தியாசம்தான் காரணம். வாரிசுச் சான்று தேடி அலைவதைவிட, ஆவணம் சுத்தமாக இருக்கும் வேறொரு உறுப்பினர் வீட்டு முகவரியைக் கொடுப்பது மேல். கோயில் மண்டபம், புறம்போக்கில் கட்டிய கொட்டகை இவை வேண்டவே வேண்டாம்.

3. பைலாவைக் கடன் வாங்காதீர்கள்

பைலா என்றால் சங்கம் நடக்கும் விதிமுறைகளை எழுதிய ஆவணம். ஜெராக்ஸ் கடையில் "சங்க பைலா மாடல்" கேட்டால் உடனே கிடைக்கும். அதில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் பின்னால் அவதிப்படும் மன்றங்கள் ஏராளம். ஆண்டுச் சந்தா எவ்வளவு, கோரம் (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) எத்தனை பேர், யார் காசோலையில் கையெழுத்திடலாம் என்பதெல்லாம் அதில் எழுதியபடிதான் நடக்க வேண்டும். மாற்ற வேண்டும் என்றால் சிறப்புத் தீர்மானம் போட்டு, பதிவாளரிடம் தாக்கல் செய்து, கட்டணமும் கட்ட வேண்டும்.

கட்டாயம் இருக்க வேண்டியவை: சங்கத்தின் பெயர், முகவரி, தொடங்கிய நாள், அலுவலக வேலை நேரம், நோக்கங்கள், உறுப்பினரைச் சேர்க்கும் நீக்கும் முறை, சந்தா, செயற்குழு எத்தனை பேர், பொதுக்குழு எப்போது, கோரம், கணக்கும் தணிக்கையும், வழக்கு வந்தால் சங்கத்தின் சார்பில் நிற்பவர் யார், சங்கம் கலைந்தால் சொத்து யாருக்கு. வேலை நேரம் எதற்கு என்று அதை விட்டுவிடாதீர்கள். மாலை 6 முதல் 8 வரை என்றாவது எழுதுங்கள்.

நான் வற்புறுத்தும் வரிகள் சில உண்டு. கோரத்தைக் குறைவாக வையுங்கள். பாதிப் பேர் சென்னையிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போன பிறகு மூன்றில் இரண்டு பங்கு கோரம் ஒருநாளும் கூடாது. கட்சிக் கொடி, கட்சிக் கூட்டம், தேர்தல் ஆதரவு எதுவும் மன்றத்தின் பெயரில் இல்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள்; தேர்தல் நேரத்தில் உங்களைக் காப்பாற்றுவது அந்த ஒரு வரிதான். சங்கம் கலைந்தால் மிச்சம் உறுப்பினர்களுக்குப் பங்கு போகாது, இதே நோக்கமுள்ள இன்னொரு சங்கத்துக்குப் போகும் என்றும் இருக்கட்டும். பின்னால் வருமான வரிச் சலுகை கேட்கும்போது இதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

நோக்கங்களை இருபது எழுதாதீர்கள். தேசிய நாட்கள் கொண்டாடுவது, பொதுச் சேவை, இளைஞர் கல்வியும் விளையாட்டும் என்று உண்மையில் செய்யப்போவதை எழுதினால் போதும்.

4. மாவட்டப் பதிவாளர் அலுவலகம்

விண்ணப்பம் போவது சார்பதிவாளரிடம் என்று பலர் நினைக்கிறார்கள். சங்கப் பதிவு மாவட்டப் பதிவாளர் பார்வையில் வரும். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் கணக்கு தொடங்கி விவரங்களை ஏற்ற வேண்டும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் அன்று அதே தளத்தில் கட்டணப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடைத்தரகர் சொல்லும் தொகையில் எவ்வளவு அரசுக் கட்டணம், எவ்வளவு அவர் கூலி என்று அப்போதுதான் தெரியும்.

கையில் இருக்க வேண்டியவை: தொடக்கக் கூட்டத்தின் தீர்மான நகல், ஏழு பேரும் கையெழுத்திட்ட சங்க விவரக் குறிப்பு, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்ட பைலா, செயற்குழுப் பட்டியல், எல்லோருடைய ஆதார் நகலும் புகைப்படமும், முகவரி ஆவணங்கள்.

ஆதாரில் உள்ள இனிஷியலும் எழுத்துக்கூட்டலும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கட்டும். ஆதாரில் "செந்தில்குமார்", பைலாவில் "எஸ்.குமார்" என்றால் வேறு ஆள்தான். ஏழு பேரும் 18 வயது நிரம்பியவர்களாக இருக்க வேண்டும். கணவன், மனைவி, மச்சான் என்று ஒரே குடும்பத்தை நிரப்பாதீர்கள்; வங்கியும் நன்கொடையாளரும் அதைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

ஆகஸ்ட் 15-க்குள் சான்றிதழ் வேண்டும் என்றால் ஜூலையில் ஓடாதீர்கள். ஒரு திருத்தம் கேட்டுத் திரும்பினால் ஏழு பேரிடமும் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும்; அதில் ஒருவர் கட்டாயம் வெளியூரில் இருப்பார். பொங்கல் விடுமுறையில் எல்லோரும் ஊரில் இருக்கும்போது தாள்களில் கையெழுத்து வாங்கி வைப்பது நல்ல நேரம்.

5. பான், வங்கி, பணம்

சான்றிதழ் வந்ததும் சங்கத்தின் பெயரில் பான் அட்டை எடுங்கள். அதற்குப் பிறகே வங்கி. சான்றிதழ், பைலா, பான், கணக்கு தொடங்குவதற்கான தீர்மானம், கையெழுத்திடுபவர்களின் அடையாளச் சான்று எல்லாம் கேட்பார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து என்று வையுங்கள். மூவரும் கட்டாயம் என்றால் ஒருவர் கோபித்துக்கொண்ட நாளில் கணக்கு முடங்கும்.

பொருளாளரின் ஜிபே எண்ணுக்குப் பணம் வாங்காதீர்கள். ஒரு மாதத்துக்குத்தானே என்று தொடங்கினால், அவர் வீட்டுச் செலவும் மன்றச் செலவும் பிரிக்க முடியாமல் கலந்து, கடைசியில் நல்ல மனிதருக்குக் கெட்ட பெயர் வந்து நிற்கும். மன்றக் கணக்குக்கே கியூஆர் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

நிர்வாகச் செலவு சந்தாவில், திட்டச் செலவு நன்கொடையில் என்று பிரித்துவிடுங்கள். தணிக்கையாளர் கூலி, ரசீதுப் புத்தகம், பதிவுக் கட்டணம், போக்குவரத்து எல்லாம் சந்தாவிலிருந்து போகட்டும். நோட்டுப் புத்தகத்துக்கு என்று வாங்கிய நன்கொடை நோட்டுப் புத்தகத்துக்கே போக வேண்டும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்ப ஆசைப்படுவார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், தமிழ் பேசினாலும் பக்கத்துத் தெருக்காரர் ஆனாலும், வெளிநாட்டு நன்கொடைதான். உள்துறை அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. அந்தப் பதிவுக்கு மன்றம் மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். ஊர் மன்றத்துக்கு எட்டாத கணக்கு. பணம் வாங்கும் முன் பாஸ்போர்ட் எந்த நாடு என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி பற்றி முதல் வருடமே கவலை வேண்டாம். பெரிய நன்கொடையாளர் வரும்போது தணிக்கையாளரிடம் பேசிக்கொள்ளலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது என்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

6. கொடியேற்றம்

இடம் முதலில். சாலையோரம், ரவுண்டானா, புறம்போக்கு எதிலும் நிரந்தரக் கம்பம் நடாதீர்கள். மன்ற வாசலில் அல்லது தலைமையாசிரியர் எழுத்தில் அனுமதித்த பள்ளி வளாகத்தில் ஏற்றுங்கள்.

கொடி 3:2 அளவில் இருக்க வேண்டும். கையால் நெய்த துணிதான் என்ற கட்டுப்பாடு 2021 டிசம்பரில் தளர்ந்துவிட்டது, பாலியஸ்டரும் செல்லும். பிளாஸ்டிக் கொடி கூடாது. சாயம் போனதையும் ஓரம் கிழிந்ததையும் "ஒரு நாளுக்குத்தானே" என்று ஏற்றாதீர்கள். கொடியில் மன்றத்தின் பெயரோ நன்கொடையாளர் பெயரோ அச்சிடுவது குற்றம். மேடை மேசைக்கு விரிப்பதும் அப்படியே. மன்றத்துக்கென்று தனிக் கொடி இருந்தால் அது தேசியக் கொடியைவிடத் தாழ்வாகத்தான் பறக்க வேண்டும்.

முதல் நாள் மாலை ஒத்திகை பாருங்கள். எல்லோரும் தவிர்ப்பதும் எல்லோரும் மாட்டுவதும் இங்கேதான். கொடியின் இடது ஓரத்து நாடாவில் ஒரு முனையில் சிறு மரக்கட்டை தைத்திருக்கும். அது மேலே, காவி நிறத்தோடு. மறுமுனைக் கயிறு கீழே. கொடியை நீளவாக்கில் மடித்துச் சுருட்டி, இழுத்தால் உருவிக்கொள்ளும் முடிச்சாக ஒரே ஒரு சுற்று போடுங்கள். பாதுகாப்புக்கு என்று இரண்டாவது முடிச்சு போடுபவர் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். அவரைக் கயிற்றுப் பக்கம் விடாதீர்கள். உள்ளே பூ வைக்கலாம், விதி அனுமதிக்கிறது. ஒரு கைப்பிடி உதிரி இதழ், ஈரமில்லாமல். முழு ரோஜா வைத்தால் காம்பு முடிச்சில் சிக்கும், ஈர இதழ் வெள்ளையில் கறை விடும். கப்பியில் கயிறு சரியாக ஓடுகிறதா என்று வெறும் கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பாருங்கள்.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 வினாடி, தேசிய கீதத்துக்கு 52 வினாடி. இரண்டையும் பதிவில் போடாமல் பிள்ளைகளைப் பாட வையுங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுத்துமூல அனுமதி வேண்டும்; இரவு 10 முதல் காலை 6 வரை கிடையாது. விடியற்காலை ஐந்து மணிக்கே தேசபக்திப் பாட்டுப் போட்டு ஊரை எழுப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பேச்சாளர் பட்டியலையும் குறையுங்கள், வெயிலில் நிற்பவை குழந்தைகள்.

டிசம்பர் 7 கொடி நாளுக்கு நீங்களாக உண்டியல் குலுக்காதீர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகத்தான் அந்தப் பணம் போக வேண்டும்.

7. ஊருக்கு என்ன தேவை என்பதை ஊரிடம் கேளுங்கள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அங்கே போய் உட்கார்ந்தாலே உங்கள் ஆண்டுத் திட்டம் பாதி தயார். பஞ்சாயத்தே செய்யப்போகும் வேலையை நீங்களும் செய்து காசைக் கரைக்க வேண்டாம்.

சுற்றுச்சுவர், குளம், நூலகக் கட்டடம் போன்ற பெரிய வேலைக்கு "நமக்கு நாமே" திட்டம் இருக்கிறது. மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். அரசுப் பள்ளிக்குப் பொருளாகவோ பணமாகவோ தர "நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி" வழியாகப் போகலாம். தலைமையாசிரியரிடம் கேட்காமல் எதையும் வாங்கிப் போய் இறக்காதீர்கள். ஒரே பள்ளியில் மூன்று மன்றங்கள் கொடுத்த தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிகள் ஃபில்டர் மாற்ற ஆளில்லாமல் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே கேட்டது கழிப்பறைக்குக் கதவு.

ரத்ததான முகாமுக்கு உரிமம் பெற்ற ரத்த மையத்துக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுங்கள். படுக்கை, பை, மருத்துவக் குழு, சிற்றுண்டி அவர்கள் பொறுப்பு. காற்றோட்டமான கூடம், மின்சாரம், தண்ணீர், வருபவர்களை வரிசைப்படுத்த நான்கு பேர் உங்கள் பொறுப்பு. கொடுப்பவருக்கு 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். ஆண்கள் மூன்று மாத இடைவெளியிலும் பெண்கள் நான்கு மாத இடைவெளியிலும் கொடுக்கலாம். இதைத் துண்டுச்சீட்டிலேயே அச்சிட்டால் வந்து திரும்புபவர் குறைவார்கள். காலையில் சாப்பிடாமல் வரக்கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

முகாமை ஆகஸ்ட் 15-இல் வைக்காதீர்கள் என்பேன். அன்று மாவட்டம் முழுக்க முகாம். சேமித்த சிவப்பணு 35 முதல் 42 நாள்தான் தாங்கும். கல்லூரிகள் மூடியிருக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் ரத்த மையங்கள் தவிக்கும். போட்டோவுக்குக் கூட்டம் குறையும், ஆனால் கொடுக்கும் ரத்தம் அன்றே தேவைப்படும்.

8. பிள்ளைகளோடு வேலை செய்யும்போது

18 வயதுக்குக் குறைந்தவர் வரும் எந்த நிகழ்ச்சிக்கும் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் தாள், அவசரத் தொலைபேசி எண், உடல்நலக் குறிப்பு மூன்றும் கோப்பில் இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும்படி வகுப்போ பயணமோ அமைக்காதீர்கள். "நம்ம பையன்தானே" என்று விலக்குக் கொடுக்காதீர்கள், தலைவருக்கும் சேர்த்துத்தான். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ வகுப்பறைச் சுவரில் எழுதி வையுங்கள். பரிசு வாங்கும் பிள்ளைகளின் படத்தைப் பெயர், பள்ளி, வகுப்போடு வாட்ஸ்அப்பில் போடும் பழக்கமும் வேண்டாம்.

கல்லூரிப் பிள்ளைகளைப் பிடிக்க நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரைப் பாருங்கள். அந்த மாணவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை தேவை. உங்களுக்கு ஆள் தேவை. ஏழு நாள் முகாமுக்கு உங்கள் ஊரைக் கேட்டு வாங்கினால் ஒரு குளமாவது தூர்ந்த நிலையிலிருந்து மீளும். 15 முதல் 29 வயதுக்காரர்களை மத்திய அரசின் மை பாரத் தளத்தில் பதியச் சொல்லுங்கள்.

எங்கள் அனுபவத்தில் இளைஞர்களை மன்றத்தோடு பிணைத்தவை இரண்டு. ஒன்று, காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் தயாராகிறவர்களுக்கு விடியற்காலை மைதானப் பயிற்சி. 1.6 கிலோமீட்டர் தூரத்தை அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்கியதுதான் செலவு. இன்னொன்று, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் உதவி மேசை. 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் தகுதி நாட்கள். முதல் வாக்காளர் அட்டையோடு வந்து காட்டும் பிள்ளையை அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் அழைக்கவே வேண்டாம், வந்துவிடும்.

9. வருடா வருடம் செய்ய வேண்டியது

மன்றங்கள் செத்துப்போவது இந்தப் படியில்தான். பதிவு முடிந்ததும் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

மார்ச் 31-இல் கணக்கை முடியுங்கள். ஏப்ரலிலேயே ரசீது, வவுச்சர்களைத் தணிக்கையாளரிடம் கொடுத்துவிடுங்கள். ஜூலைக்குப் பிறகு அவருக்கு வரித் தாக்கல் வேலை, உங்கள் கோப்பு அடியில் போய்விடும். செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்குழு. தீர்மானப் புத்தகத்தில் வந்தவர்கள் அனைவரின் கையெழுத்தும் அன்றே வாங்க வேண்டும். வரவு செலவுக் கணக்கு, உறுப்பினர் பட்டியல், சங்கம் இயங்குகிறது என்ற உறுதிமொழி மூன்றையும் பதிவாளரிடம் தாக்கல் செய்து ஒப்புகை வாங்குங்கள். தாமதமானால் அபராதம்; பல வருடம் விட்டால் ஒவ்வொரு வருடத்துக்கும் சேர்த்து.

செயற்குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. அதே ஆட்கள் திரும்ப வந்தாலும் தேர்வு நடந்ததைப் படிவம் 7-இல் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பொருளாளர் மாறியும் இதைச் செய்யாவிட்டால் வங்கி புதியவர் கையெழுத்தை ஏற்காது. பழையவர் வெளிநாடு போயிருந்தால் பணம் கண்ணுக்குத் தெரியும், எடுக்க முடியாது.

பொறுப்பு மாறும் நாளில் கைமாற வேண்டியவை: அசல் சான்றிதழ், பதிவாளர் முத்திரையிட்ட பைலா, பான், காசோலைப் புத்தகம், தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்கள் எண்ணோடு, டிஎன்ரெஜிநெட் கடவுச்சொல், அந்தக் கணக்கில் பதிந்த கைபேசி எண். கடைசி இரண்டையும் வாங்காமல் பழைய செயலாளருக்குப் பொன்னாடை போர்த்தாதீர்கள்.